இடிப்பதற்கு முந்தைய அளவு

எங்கள் ஆபீசில் கட்டத்துக்குக் காலம் என்று பெயர்.
படிவம் எட்டில் ஒன்பது காலங்கள்.
நீளம், அகலம், சுவரின் கனம்,
கூரை, தரை, கதவு, வயது சுமார்,
இடிக்கக் காரணம்.
ஒன்பதாம் காலம் இதர விவரம்.
அதில் எல்லோரும் ஒரு கோடு போடுவார்கள்.
நான் போடவில்லை.

செங்கோட்டை நகராட்சி, நகரமைப்புப் பிரிவு.
பதினேழு வருஷத்தில் நாற்பத்தோரு கட்டடம்.
முதலாவது பழைய அஞ்சல் ஆபீஸ்.
புளியரைப் பக்கமிருந்து சாரல்
சாய்ந்து வந்து டேப்பை நனைத்தது.
நாற்பத்திரண்டு அடி, என்று கத்தினார் மைதீன் பிச்சை.
இடிக்கிற காண்டிராக்ட் அவருக்கு,
அளக்கும்போது மறுமுனையும் அவருக்கு.
வாசற்கல்லில் ஒரு குழி,
பழைய ஒரு ரூபாய் அகலம், விரற்கடை ஆழம்.
அஞ்சலோட்டி மணிக்கோலை
தினமும் ஊன்றி நின்ற இடமாம்,
எதிர்க்கடை வெற்றிலைக்காரர் சொன்னார்.
உண்மையோ என்னவோ.
காலம் ஒன்பது: கல்லில் குழி. கேள்விப்பட்டது மட்டும்.

உப்புப் பண்டகசாலைக்குச் சுவரின் கனம்
ஒரே எண்ணாக எழுத முடியவில்லை.
மேலே இரண்டடி.
மாட்டின் நாக்கு எட்டும் உயரத்தில்
ஒன்றேகால்.
தலைமுறை தலைமுறையாக
சந்தைக்கு வந்த மாடுகள்
நின்று நக்கிவிட்டுப் போயிருக்கின்றன.
அதையும் எழுதினேன்.
பொறியாளர் சிவப்பு மையில் கேட்டார்:
மாடுகள் எதற்கு?

ஐம்பத்தாறுக்கு முந்திய பதிவேடெல்லாம் மலையாளம்.
பஸ் ஸ்டாண்டில் நின்று
புனலூர், தென்மலை, கொட்டாரக்கரை என்று
பலகை பார்த்து எழுத்துக் கற்றேன்.
'ட்ட' மட்டும் இன்னும் தகராறு.

மாட்டாஸ்பத்திரிக்கு அந்தப் பதிவேட்டில் வருஷம் 1103, மிதுனம்.
கொல்லம் ஆண்டு.
புதிதாக வந்த எழுத்தர் செண்பகக்குமார்
நேராகக் கழித்து
வயது சுமார் தொள்ளாயிரத்து ஆறு என்று எழுதிவிட்டார்.
கோப்பு தொல்லியல் துறைக்குப் போனது.
எந்த மன்னர் காலம், என்று அங்கிருந்து ஒரு கடிதம்.
பதில் எழுதும் முறை என்னுடையது.
பதினோரு வருஷமாக
மேசையின் இடதுபக்கம் இருக்கிறது அந்தக் கடிதம்.
ஓட்டுச்சரிவின் கீழே
இன்றைக்கும் ஆட்டுக்கு ஊசி போடுகிறார்கள்.

போன மாசம் கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்தாள்,
பெயர் ஆயிஷா பர்வீன்.
ஊர்க் கட்டடங்களின் சரித்திரம் வேண்டும் என்றாள்.
நாற்பத்தோரு படிவத்தையும் எடுத்துப் போட்டேன்.
சாயங்காலம்வரை படித்தாள்.
பிறகு கேட்டாள்:
இடிக்காததுக்கெல்லாம் எங்கே சார்?

இல்லை.
கேட் பக்கத்து நீர்த்தொட்டிக்கு இல்லை.
சங்கு பதித்த முகப்பு வீட்டுக்கு இல்லை.
முறுக்குக் கம்பம் நாலு நிற்கும்
அரிசி மண்டிக்கு ஒரு வரி இல்லை.
இந்த ஊரில்
செத்தது மட்டும்தான் அளக்கப்பட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு போனேன்.
சங்கு வீட்டுச் சங்கரவடிவு
என்னைத் தெருமுனையில் பார்த்ததுமே
கதவைச் சாத்தினாள்.
உள்ளிருந்து குரல் மட்டும்:
வரியெல்லாம் கட்டியாச்சு, போயிரும்.
நான் என்ன சொல்ல.
அந்த வீதியில் என் டேப்புக்கு
ஒரே ஒரு அர்த்தம்தான்.
வெளிச்சுவரை மட்டும் அளந்தோம்.

இதை எப்போ இடிக்கிறோம், என்றார் மைதீன் பிச்சை.
இடிக்கவில்லை.
பின்னே எதுக்கு அளவு?
டேப்பை விடவில்லை, ஆனாலும்.
முப்பத்தாறடி நாலங்குலம், என்றார்,
வழக்கத்தைவிட மெதுவாக.

எட்டாம் காலத்தில் ஒரு கோடு போட்டேன்.
சாரல் விழுந்து அது ஊறிப் பரவி
ஏதோ எழுத்துப் போல ஆகிவிட்டது.
தமிழா மலையாளமா தெரியவில்லை.
வேறு தாளில் எழுதவேண்டும்.